மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் ஒரு ஃபயர்வால் பெட்டி தேர்ந்தெடுப்பது எப்படி

ரியூசன் சென்டர், பார்மசி, கெஸ்ட் ஹவுஸ், அரிசி ஆலை, சங்கக் கடை என்று எங்கள் பக்கத்தில் இப்போது எல்லா இடத்திலும் இன்டர்நெட் லைன் இருக்கிறது. லைன் தந்த கம்பனி ஒரு சின்ன ரவுட்டரையும் சுவரில் பொருத்திவிட்டுப் போகிறது. வீட்டில் நாலு போனும் ஒரு டிவியும் மட்டும் என்றால் அந்த ரவுட்டரே போதும், வேறு எதுவும் வாங்க வேண்டாம். காசுக் கணக்குப் பார்க்கும் கணினியும் வந்து போகிறவர்களின் போனும் சிசிடிவி கமராவும் ஒரே நெட்வொர்க்கில் கலந்து கிடக்கின்றனவே என்று யோசிப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. ஃபயர்வால் என்பது இன்டர்நெட் லைனுக்கும் உள் நெட்வொர்க்குக்கும் நடுவில் நின்று, எதை விடுவது எதைத் தடுப்பது என்று பார்க்கும் பெட்டி. ஒரு லைன் விழுந்தால் மற்றது தானாக எழும்ப வேண்டும் என்பவர்களும், காத்தான்குடிக் கடையையும் கல்முனைக் கடையையும் விபிஎன் (இன்டர்நெட்டின் ஊடாகப் போகும் பூட்டிய தனிவழி) மூலம் இணைக்க வேண்டியவர்களும் வாசிக்கலாம்.

இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எந்த பிராசசர் வாங்கலாம்?" என்றுதான். என் ஆலோசனை, பிராசசரை முதலில் பார்க்காதீர்கள். எங்கள் ஊரின் சின்ன நிறுவனங்களுக்கு வரும் லைன் வேகத்துக்கு, கடந்த பத்து வருடங்களில் வந்த ஓரளவு நல்ல பிராசசர் எதுவும் போதும். பெட்டி அடிக்கடி நின்று போவதற்கும் வேகம் குறைவதற்கும் காரணம் அநேகமாக வேறு இடத்தில் இருக்கும். நெட்வொர்க் கார்டாக இருக்கலாம், கரண்டாக இருக்கலாம், சூடாகவோ உப்புக் காற்றாகவோ இருக்கலாம். ஆகவே பிராசசருக்கு முன் வேறு சிலவற்றைப் பார்ப்போம்.

கடைக்குப் போகும் முன்

ஒரு தாள் எடுத்து மூன்று விஷயங்களை எழுதுங்கள். லைனின் வேகம் எவ்வளவு, எத்தனை கருவிகள் இணையும், ஃபயர்வால் என்னென்ன வேலை செய்ய வேண்டும்.

லைன் வேகம் என்றால் பில்லில் இருக்கும் எண். 100 மெகாபிட் லைனுக்கு 10 கிகாபிட் கார்ட் போட்டுப் பிரயோசனம் இல்லை. ஆனால் மெகாபிட் மட்டும் முழுக் கதையைச் சொல்லாது. ஃபயர்வால் எண்ணுவது பாக்கெட்டுகளை, அதாவது தகவல் பிரிந்து போகும் துண்டுகளை. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அது ஒரு முடிவு எடுக்க வேண்டும், பாக்கெட் பெரிதோ சிறிதோ வேலை ஏறக்குறைய ஒன்றுதான். 1,518 பைட் அளவுள்ள முழுப் பாக்கெட்டுகளாக வந்தால் 100 மெகாபிட் என்பது செக்கனுக்கு 8,100 பாக்கெட் சொச்சம். 64 பைட் சின்னப் பாக்கெட்டுகளாக வந்தால் அதே 100 மெகாபிட்டில் செக்கனுக்கு 1,48,000க்கு மேல். படம் பார்ப்பது, ஃபைல் இறக்குவது எல்லாம் பெரிய பாக்கெட். இன்டர்நெட் போன் அழைப்பு, ஒன்லைன் விளையாட்டு எல்லாம் சின்னப் பாக்கெட். விளம்பரத்தில் "1 கிகாபிட் தாங்கும்" என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் பெரிய பாக்கெட்டுகளை வைத்துச் சொன்ன எண் என்பதை மனதில் வைத்திருங்கள்.

கருவிகளின் எண்ணிக்கை ரேமுக்காக. ஒவ்வொரு இணைப்பையும் ஃபயர்வால் ஒரு அட்டவணையில் வைத்திருக்கும். பிஎஃப்சென்ஸ் போன்ற ஃபயர்வால் மென்பொருள்களில் ஒரு இணைப்புக்கு ஏறக்குறைய 1 கிலோபைட் ரேம் போகும். நூறு கருவிகள், ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் 200 இணைப்புகள் என்று தாராளமாக வைத்தாலும் 20 எம்பி சொச்சந்தான். பயப்பட வேண்டிய எண் இல்லை.

வேலைகளின் பட்டியல்தான் பெட்டியின் அளவைத் தீர்மானிக்கிறது. வெறும் தடுப்பு விதிகள், நெட்வொர்க்கைப் பிரிப்பது, இரண்டு லைனை மாற்றுவது எல்லாம் இலேசான வேலை. விபிஎன் நடுத்தரம். ஒவ்வொரு பாக்கெட்டின் உள்ளடக்கத்தையும் தாக்குதல் அடையாளங்களுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் சூரிக்காட்டா, ஸ்னோர்ட் போன்றவை பாரமான வேலை. புதியவர்கள் ஆசையில் மூன்றாவதையும் எழுதிவிடுவார்கள். அதைக் கவனிக்க ஆள் இல்லாவிட்டால் அது எழுப்பும் எச்சரிக்கைகளை ஒருவரும் வாசிக்கப் போவதில்லை. முதல் வருடம் அது வேண்டாம் என்பது என் கருத்து. இன்று மின்னஞ்சலும் வங்கியும் வட்ஸ்அப்பும் எல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டே போகின்றன, உள்ளே பார்க்க அந்தக் கருவிக்குக் கிடைப்பதும் குறைவு.

மென்பொருளை முதலில் முடிவு செய்யுங்கள்

வன்பொருளுக்கு முன் மென்பொருள், ஏனென்றால் எந்தக் கார்ட் வேலை செய்யும் என்பதை அதுதான் சொல்லும். இலவசமாகக் கிடைப்பவற்றில் இரண்டு குடும்பங்கள். பிஎஃப்சென்ஸும் ஓபிஎன்சென்ஸும் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல் நிற்பவை. பிஎஃப்சென்ஸ் 2004இல் மோனோவோல் என்ற திட்டத்திலிருந்து பிரிந்தது. ஓபிஎன்சென்ஸ் அந்த பிஎஃப்சென்ஸிலிருந்து பிரிந்து 2015 ஜனவரியில் முதல் பதிப்பை வெளியிட்டது. மற்றக் குடும்பம் லினக்ஸின் மேல் நிற்கும் ஓபன்டபிள்யூஆர்டி, ஐபிஃபயர் போன்றவை.

புதியவருக்கு நான் ஓபிஎன்சென்ஸைச் சொல்வேன். திரைகள் விளங்கும்படி இருக்கும், புதிய பதிப்புகள் ஒழுங்காக வரும், இறக்கிக்கொள்ளக் கணக்குத் திறக்கத் தேவையில்லை. பிஎஃப்சென்ஸ் பழகியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அதையே போடுங்கள், இரவில் லைன் விழும்போது உதவப் போவது அவர்தான். இரண்டில் எதை எடுத்தாலும் 64 பிட் பிராசசர் கட்டாயம், வன்பொருள் விதிகளும் கிட்டத்தட்ட ஒன்று.

நெட்வொர்க் கார்ட்

காசு போக வேண்டிய இடம் இதுதான்.

ஃப்ரீபிஎஸ்டியில் இன்டெல் நெட்வொர்க் சிப்புகளுக்கு நீண்ட காலமாக நல்ல டிரைவர்கள் இருக்கின்றன. ஐ210, ஐ211, ஐ350 என்பவை 1 கிகாபிட் சிப்புகள், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 2.5 கிகாபிட்டில் ஐ226-வி இப்போது பரவலாக வருகிறது. அதற்கு முந்திய ஐ225-வியின் ஆரம்பத் தயாரிப்புகளில் இணைப்பு அறுந்து போகும் கோளாறு இருந்தது, ஆகவே பாவித்த பெட்டியில் ஐ225-வி இருந்தால் அது மூன்றாவது திருத்தமான பி3 தானா என்று பாருங்கள்.

ரியல்டெக் சிப்புகள் சாதாரண மேசைக் கணினிகளில் எல்லாம் உண்டு. விண்டோஸில் நன்றாகவே ஓடும். ஃப்ரீபிஎஸ்டியில் பாரம் கூடும்போது அவை தடுமாறுவதாகப் பலர் முறையிடுகிறார்கள், நாள் முழுக்க நன்றாக ஓடிவிட்டு ஒரு பெரிய ஃபைல் இறக்கும்போது போர்ட் மட்டும் தூங்கிவிடும். ஓபிஎன்சென்ஸில் ரியல்டெக் கம்பனியின் சொந்த டிரைவரைச் சேர்க்க ஒரு பிளகின் இருக்கிறது, அதைப் போட்டால் நிலைமை திருந்தும். கையில் ஏற்கெனவே இருக்கும் கணினி ரியல்டெக் என்றால் அதோடு தொடங்குங்கள். புதிதாக வாங்குவதென்றால் இன்டெல் கேட்டு வாங்குங்கள். யூஎஸ்பியில் குத்தும் நெட்வொர்க் அடாப்டரை ஃபயர்வாலுக்கு எக்காரணம் கொண்டும் பாவிக்க வேண்டாம். சூடாகும், கழன்று போகும், மறுபடி எழும்பும்போது பெயர் மாறி நிற்கும்.

எத்தனை போர்ட்? வெளி லைனுக்கு ஒன்று, உள்ளே ஒன்று, இரண்டாவது லைனுக்கு ஒன்று. மூன்று இருந்தால் தாராளம், நாலு இருந்தால் ஒன்று கையிருப்பு. கமராவுக்கு ஒரு போர்ட், விருந்தினருக்கு ஒரு போர்ட் என்று பெட்டியில் போர்ட்களைக் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை. விலேன் தெரிந்த ஒரு மேனேஜ்ட் சுவிட்ச் வாங்கினால், உள்ளே போகும் ஒரே கேபிளிலேயே நாலைந்து நெட்வொர்க்குகளைத் தனித்தனியாக ஓட்டலாம். அப்படிப் பிரித்த ஒவ்வொரு நெட்வொர்க்கும் ஒரு விலேன். எட்டு போர்ட் உள்ள அப்படியான சுவிட்ச் இப்போது பெரிய விலை இல்லை. கமராவையும் அதன் ரெக்கோடரையும் ஒரே விலேனில் வையுங்கள். 16 கமரா, ஒவ்வொன்றும் 4 மெகாபிட் என்றால் 64 மெகாபிட். ஒரே விலேனுக்குள் இருந்தால் அது சுவிட்சோடு முடிந்துவிடும். வேறு வேறு விலேனில் வைத்தால் இரவும் பகலும் அத்தனையும் ஃபயர்வாலுக்குள் ஏறி இறங்கும்.

பாவித்த மேசைக் கணினியில் கூடுதல் கார்ட் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். மெல்லிய பெட்டியுள்ள டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி, லெனோவோ கணினிகளில் கார்டின் பின்தகடு குட்டையானதாக இருக்க வேண்டும். கடையில் கார்டை நீளத் தகட்டோடு தருவார்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் மூடி மூடாது. குட்டைத் தகடு இருக்கிறதா என்று கேட்டு அதையும் வாங்கி வாருங்கள், கொழும்புக்கு இன்னொரு முறை போகிற செலவு மிச்சம். உள்ளங்கை அகலத்துக்கு வரும் மிகச் சிறிய கணினிகளில் பெரும்பாலும் கார்ட் போட இடமே இருக்காது. நாலு போர்ட் ஐ350 கார்ட்டில் போலிகள் நிறைய. பழைய சர்வர்களில் இருந்து கழற்றிய, டெல் அல்லது எச்பி பெயரில் வெளியான கார்டுகள் புதுப் பெட்டியில் வரும் பெயரில்லாத கார்டுகளை விட நம்பிக்கையானவை.

வைஃபை பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று தேடாதீர்கள். ஃப்ரீபிஎஸ்டியில் வைஃபை பலவீனம். வைஃபை தரும் அக்ஸஸ் பொயின்ட் ஒன்றைத் தனியாக வாங்கிக் கூரைக்குக் கிட்ட வையுங்கள்.

பிராசசர்

இப்போது அதைப் பார்க்கலாம். முதல் நிபந்தனை ஏஇஎஸ்-என்ஐ என்ற வசதி. விபிஎன் குறியாக்கத்தை பிராசசரே நேரடியாகச் செய்ய உதவும் கட்டளைகள் இவை. இன்டெல் 2010இல் கொண்டுவந்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்த எல்லாவற்றிலும் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். மேசைக் கணினியின் கோர் ஐ5 என்றால் இரண்டாம் தலைமுறையிலேயே இருக்கிறது. கோர் ஐ3 என்றால் நாலாம் தலைமுறையிலிருந்து பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் பல சின்னப் பெட்டிகளில் இருக்கும் செலரோன் ஜே1900இல் அது இல்லை. விபிஎன் வேண்டாம் என்றால் அதுவும் ஓடும், வேண்டும் என்றால் தவிருங்கள். வயர்கார்ட் என்ற புதிய விபிஎன் வேறு குறியாக்க முறையைப் பாவிப்பதால் ஏஇஎஸ்-என்ஐயை எதிர்பார்க்காது, அதுவும் கவனத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது, கோர்களின் எண்ணிக்கையை விட ஒரு கோரின் வேகம் முக்கியம். விபிஎன் மென்பொருள்களில் ஒன்றான ஓபன்விபிஎன் வழமையாக ஒரு இணைப்பை ஒரே கோரில் ஓட்டும். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து ஏறும் பிபிபிஓஇ வகை லைன் என்றால், ஃப்ரீபிஎஸ்டியில் உள்ளே வரும் பாக்கெட்டுகள் பெரும்பாலும் ஒரே கோரின் தலையில் விழும். எட்டு மெதுவான கோர்களை விட நாலு வேகமான கோர் நல்லது.

புதிதாக வாங்குவதென்றால் 2023இல் வந்த இன்டெல் என்100 பொருத்தமானது. நாலு கோர், ஏஇஎஸ்-என்ஐ உண்டு, பிராசசரின் வடிவமைப்பு மின்தேவை 6 வாட். 500 மெகாபிட் லைனுக்கும் விபிஎன்னுக்கும் தாராளம். அதற்கு முந்திய ஜே4125உம் 100, 200 மெகாபிட் லைன்களுக்கு நன்றாகவே போகும். பாவித்ததென்றால் நாலாம் தலைமுறைக்குப் பிந்திய ஐ5 கணினி ஒன்று, கூடவே இரண்டு போர்ட் இன்டெல் கார்ட்.

ரேமும் டிஸ்கும்

ரேம் 4 ஜிபி ஆகக் குறைந்தது, 8 ஜிபி இருந்தால் மனநிம்மதி. சூரிக்காட்டா போடும் எண்ணம் இருந்தால் 8 கட்டாயம். பிழை திருத்தும் இசிசி ரேம் நல்லதுதான், அதற்காக அலைய வேண்டாம்.

டிஸ்க் எஸ்எஸ்டியாக இருக்கட்டும், 120 ஜிபி போதும். யூஎஸ்பி குச்சியிலோ மெமரி கார்டிலோ நிரந்தரமாக ஓட்டாதீர்கள். ஃபயர்வால் நாள் முழுக்க நடந்ததையெல்லாம் லொக்கில் எழுதும், அவை சீக்கிரம் தேய்ந்துவிடும். நிறுவும்போது ஃபைல் சிஸ்டம் எது என்று கேட்கும் இடத்தில் இசட்எஃப்எஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய தரவின் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதிவிட்டு மாறுவது அதன் முறை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும் பழைய நிலை அப்படியே இருக்கும். மற்றத் தெரிவான யூஎஃப்எஸ் போட்ட பெட்டிகள் நாலைந்து முறை திடீரென்று அணைந்தபின் எழும்ப மறுப்பது நடக்கிற விஷயம். எங்கள் பக்கத்துக்கு இசட்எஃப்எஸ் தவிர வேறு தெரிவே இல்லை என்பேன்.

பழைய ராக் சர்வர் மலிவாக வந்தால்

கொழும்பில் ஏதாவது அலுவலகம் பொருள் கழிக்கும்போது பெரிய ராக் சர்வர்கள் மலிவுக்கு வரும். இரண்டு பிராசசர், 32 ஜிபி ரேம், நாலு இன்டெல் போர்ட். பார்த்தால் ஆசை வரும். ஃபயர்வாலுக்காக அதை வாங்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். ஃபயர்வால் ஒரு நிமிடமும் ஓயாமல் ஓடும் கருவி. விசிறியில்லாத சின்னப் பெட்டி 12 வாட் எடுத்தால் 30 நாளுக்கு 8.6 யூனிட். பாவித்த மேசைக் கணினி 35 வாட் எடுத்தால் 25 யூனிட். பழைய ராக் சர்வர் சும்மா இருக்கும்போதே 120 வாட் எடுத்தால் 86 யூனிட். வீட்டு இணைப்பில் யூனிட் கூடக் கூட விலைப்படியும் ஏறும், ஆகவே அந்த 86 யூனிட் உங்கள் மற்ற யூனிட்களையும் மேல் படிக்குத் தள்ளிவிடும். ஒரு வருடத்து பில்லைக் கூட்டிப் பார்த்தால் மலிவாக வந்த சர்வரின் உண்மை விலை தெரியும். சத்தம் வேறு. அந்த விசிறிகள் குளிரூட்டிய சர்வர் அறைக்காகச் செய்யப்பட்டவை, பார்மசியின் மூலையில் வைத்தால் ஆட்களோடு கதைக்க முடியாது. யூபிஎஸ் பற்றரியும் அரை மணிநேரம் தாங்காது.

வெயில், உப்பு, இடி, கரண்ட்

கல்லடி, காத்தான்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், திருக்கோவில், பொத்துவில் எல்லாம் கடலோரம். உப்புக் காற்று இரும்பு ஜன்னலை என்ன செய்கிறதோ அதையேதான் நெட்வொர்க் போர்ட்டுக்குள் இருக்கும் செம்புக் கம்பிகளுக்கும் செய்கிறது. விசிறி உள்ள பெட்டி அந்தக் காற்றையும் தூசியையும் இழுத்து போர்டின் மேல் படிய வைக்கும். அதனால்தான் கரையோரத்துக்கு விசிறியில்லாத அலுமினியப் பெட்டியைச் சொல்கிறேன், அதன் உடம்பே சூட்டை வெளியே விடும். பாவிக்காத போர்ட்களில் ரப்பர் மூடி போடுங்கள். கேபிள் தலைகளில் தங்க முலாம் உள்ளவற்றையே கேளுங்கள், பச்சை படிந்த தலையைத் துடைக்காமல் வெட்டிப் புதிதாக அடியுங்கள்.

விசிறியில்லாத பெட்டிக்குக் காற்றோட்டம் வேண்டும். கச்சான் காற்று வீசும் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் மதிய வெயில் 35 பாகைக்குக் கிட்டப் போகும், தகரக் கூரையின் கீழ் அறை அதற்கும் மேல். அப்படியான நேரத்தில் பெட்டியை அலுமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள், ரவுட்டருக்கு மேலேயும் அடுக்காதீர்கள். செங்குத்தாகச் சுவரில், நாலு பக்கமும் இடம் விட்டு, நெஞ்சளவு உயரத்தில் பொருத்துங்கள். உயரம் வெள்ளத்துக்காகவும்தான். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை, தரையில் எந்தக் கருவியும் இருக்கக் கூடாது.

வாடைக்கு முன் ஐப்பசியில் வரும் இடிமழை இன்னொரு ஆபத்து. ஃபைபர் இழை கண்ணாடி, அந்த இழை வழியாக மின்னல் வராது. பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியும், கூரையில் ஏற்றிய 4ஜி அன்டெனாவும், இரண்டு கட்டடங்களுக்கு இடையில் வெளியே இழுத்த நெட்வொர்க் கேபிளும் மின்னலுக்கு வழி. ஆலையிலிருந்து கணக்கு அறைக்கு, விடுதியிலிருந்து கரைப் பக்கக் குடிலுக்கு என்று கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் கேபிளை ஃபைபராக மாற்றி, இரு முனையிலும் ஃபைபரைச் சாதாரண நெட்வொர்க் கேபிளோடு சேர்க்கும் மீடியா கன்வேட்டர் வையுங்கள். பெட்டியைக் காப்பாற்ற இதைவிட நல்ல செலவு இல்லை. சுவர் சொக்கட்டில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று எலெக்ட்ரீசியனைக் கொண்டு சோதித்துக்கொள்ளுங்கள். எர்த் இல்லாத இடத்தில் சர்ஜ் காப்பான் பேருக்குத்தான்.

கரண்டைப் பொறுத்தவரை, 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள், 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க இருண்டது. யூபிஎஸ் இல்லாமல் ஃபயர்வால் வைக்காதீர்கள். சாதாரண 650 விஏ யூபிஎஸ்ஸில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பற்றரி, அதாவது 84 வாட்-மணி. மாற்றத்தில் போகும் இழப்பைக் கழித்தால் 50 கையில் வரும் என்று வையுங்கள். ஃபைபர் பெட்டி 10 வாட், ஃபயர்வால் 12, சுவிட்ச் 5, மொத்தம் 27. புதுப் பற்றரியில் ஒன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஓடும். எங்கள் சூட்டில் ஈயப் பற்றரியின் ஆயுள் குறைவு, 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பற்றரி மாற்றக் காசு ஒதுக்குங்கள். மூன்று கருவிகளும் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை என்றால், நேராக 12 வோல்ட் தரும் சின்ன டிசி யூபிஎஸ் இன்னும் நல்லது, இழப்புக் குறைவு. ஆனால் அது எத்தனை ஆம்பியர் தரும் என்பதைக் கூட்டிப் பார்த்து வாங்க வேண்டும்.

மூன்று இடங்களுக்கு

ஆரையம்பதியில் ஒரு ரியூசன் சென்டர், 100 மெகாபிட் லைன், இருபது முப்பது கருவிகள். விபிஎன் இல்லை. ஜே4125 பெட்டி, 4 ஜிபி ரேம், ஒரு சின்ன மேனேஜ்ட் சுவிட்ச். அலுவலகத்துக்கும் பிள்ளைகளின் கணினிகளுக்கும் தனித்தனி விலேன். இதற்கு மேல் ஒரு சதமும் வேண்டாம்.

அறுகம்பையில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். அலைச்சறுக்கு சீசனில் அறை நிறைய ஆள், ஆளுக்கு இரண்டு கருவி. ஃபைபர் ஒன்று, துணைக்கு 4ஜி அல்லது ஸ்டார்லிங்க் ஒன்று. இங்கே என்100, 8 ஜிபி, நாலு போர்ட். விருந்தினர் நெட்வொர்க்கில் ஆளுக்கு இவ்வளவு வேகம் என்று அளவு கட்டுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் படம் இறக்க மற்ற எல்லாரும் முறைப்பாட்டோடு வருவார்கள்.

சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலை, கல்முனையில் அதன் கடை, இரண்டையும் விபிஎன் இணைக்க வேண்டும், ஆலை முழுக்க கமரா. ஆலையில் உமித்தூசி கடும், விசிறியுள்ள பெட்டி அங்கே கூடவே கூடாது. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிப் பெட்டி வாங்குங்கள், ஒன்று பழுதானால் மற்றதை வைத்துச் சமாளிக்கலாம். 4ஜி, ஸ்டார்லிங்க் லைன்களில் பொது ஐபி முகவரி உங்களுக்கென்று கிடைப்பது அரிது, வெளியிலிருந்து அந்த இடத்துக்குள் நுழைய முடியாது. ஆகவே பொது ஐபி உள்ள ஃபைபர் பக்கம் காத்திருக்க, 4ஜி பக்கம் போய் அழைக்கும்படி வயர்கார்டை அமையுங்கள்.

வாங்கும்போது

பாவித்த கணினிக்கு மட்டக்களப்பு நகரத்திலும் கல்முனையிலும் கடைகள் உண்டு, தெரிவு கூட வேண்டுமென்றால் கொழும்பில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா. எங்கே போனாலும் ஓபிஎன்சென்ஸ் ஏற்றிய யூஎஸ்பி குச்சி ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டு போங்கள். நிறுவாமலேயே அதிலிருந்து நேராக ஓட வைக்கலாம். "தம்பி, இதுக்குள்ள என்ன நெட்வொர்க் சிப் கிடக்கு? ஒருக்கா பூட் பண்ணிப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நேர்மையான கடைக்காரர் மறுக்க மாட்டார். திரையில் போர்ட்களின் பெயர் ஐஜிபி, ஐஜிசி, ஈஎம் என்று தொடங்கினால் இன்டெல், ஆர்இ என்று தொடங்கினால் ரியல்டெக். ஒவ்வொரு போர்ட்டிலும் கேபிள் குத்தி லைட் எரிகிறதா என்று பாருங்கள்.

கணினி எழும்பும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையான பயோஸுக்குள்ளும் போய்ப் பாருங்கள். கரண்ட் போய் வந்தபின் தானாக எழும்பும் அமைப்பு அங்கே இருக்க வேண்டும். அது இல்லாத பெட்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், இரவு கரண்ட் போய் வந்தால் விடியும்வரை லைன் இருக்காது. பழைய கணினி என்றால் போர்டில் இருக்கும் சிஆர்2032 நாணயப் பற்றரியைக் கட்டாயம் மாற்றுங்கள். அது செத்திருந்தால் திகதி பிழைத்து விபிஎன் சான்றிதழ்கள் ஏறாது, சில கணினிகள் யாராவது ஒரு விசையை அழுத்தும்வரை அப்படியே நிற்கும். கீபோர்ட் இல்லாவிட்டால் நின்றுவிடும் அமைப்பு இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து ஒன்லைனில் எடுப்பவர்கள் ரேமும் எஸ்எஸ்டியும் இல்லாத வெறும் பெட்டியை எடுத்து, அவற்றை இங்கே உத்தரவாதத்தோடு வாங்கிப் போடுவது நல்லது. பெட்டியோடு வரும் அடாப்டர்தான் முதலில் சாகும் பொருள். அதே வோல்ட், அதே ஆம்பியர், அதே முனை அளவுள்ள இன்னொன்றை முதல் நாளே வாங்கி வையுங்கள்.

பொருத்தும் நாள்

கடை பூட்டியிருக்கும் நேரத்தில் செய்யுங்கள். காத்தான்குடி, சாய்ந்தமருது பக்கம் என்றால் வெள்ளி மதியம், மட்டக்களப்பு நகரம் என்றால் ஞாயிறு. முதல் நாள் இரவே மேசையில் வைத்து நிறுவி, பாஸ்வேர்ட் மாற்றி, புதிய பதிப்புக்கு ஏற்றி, ஒரு இரவு ஓட விடுங்கள். பொருத்தும்போது எந்த போர்ட் எந்தப் பெயர் என்று தெரியாவிட்டால், ஒரு கேபிளைக் குத்திக் குத்திக் கழற்றினால் திரையில் அது தெரியும். உடனே ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். லைன் கம்பனியின் பெட்டியை, லைனை அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு இடத்தில் முகவரி மாற்றம் நடந்து விபிஎன் அமைப்பது சிக்கலாகும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் யூபிஎஸ்ஸின் சுவர் பிளக்கைக் கழற்றி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். பற்றரி முடிந்து அணைந்தபின் பிளக்கைத் திருப்பிக் குத்துங்கள். ஒருவரும் எதையும் தொடாமல் லைன் திரும்ப வர வேண்டும். வராவிட்டால் பயோஸுக்குப் போங்கள்.

முழு அமைப்பும் ஒரே எக்ஸ்எம்எல் ஃபைலாக இறக்கிக்கொள்ளக் கூடியது. அதை இறக்கி, அந்தக் கட்டடத்தில் இல்லாத இன்னொரு இடத்தில் வையுங்கள், விதி மாற்றும் ஒவ்வொரு தடவையும் புதிதாக இறக்குங்கள். லைன் கம்பனி தந்த பழைய ரவுட்டரையும் எறிய வேண்டாம். புதுப் பெட்டி பழுதாகும் நாளில் அதைக் குத்தி வேலையை ஓட்டலாம்.

ஒரு மாதம் போனபின் ஃபயர்வால் திரையில் உள்ள வேலைப்பளு வரைபடங்களைத் திறந்து பாருங்கள். பிராசசர் பாதிக்குக் கீழே நின்றால் அடுத்த சில வருடங்களுக்கு ஒன்றும் வாங்கத் தேவையில்லை. ஒரு கோர் மட்டும் நூறில் நின்று மற்றவை சும்மா இருந்தால், அது ஓபன்விபிஎன் அல்லது பிபிபிஓஇ விவகாரம். வயர்கார்டுக்கு மாறுவதையோ வேகமான கோர் உள்ள பெட்டியையோ அப்போது யோசிக்கலாம். கச்சான் காலத்தில் மதியம் இரண்டு மணிக்கு வெப்பநிலையையும் ஒருக்கா பாருங்கள். 80 பாகையைத் தாண்டினால் பெட்டியை மாற்ற வேண்டாம், அது இருக்கும் இடத்தை மாற்றுங்கள்.